டை வீக்கம்: பாகுநிலை வளைகோடு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாஸ்டிக் உருகலை டை (வடிவம் தரும் துளையுள்ள எஃகு அச்சு) வழியே பிதுக்கும்போது அது வெளியே வந்ததும் எவ்வளவு வீங்கும் என்பதைக் கணினியிலேயே முன்கூட்டிக் கணக்கிடலாம் என்ற கட்டுரையைத் தங்கள் அறிவியல் பக்கத்தில் படித்தோம். நாளிதழ்கள் பெரும்பாலும் தொடாத ஒரு பொருளை எடுத்துப் பேசியதற்கு நன்றி. ஆனால் அதில் இரண்டு செய்திகள் தவறு. வீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்று. பாகுநிலை வளைகோட்டை, அதாவது ஓட்ட வேகத்தோடு பாகுநிலை மாறுவதைக் காட்டும் கோட்டை, மென்பொருளில் கொடுத்தால் போதும், வீக்கம் வந்துவிடும் என்று சொல்லி 6 சதவீதம் காட்டும் படக்குறிப்பு மற்றொன்று. முதலாவதால் அறிவு மட்டுமே பிழைபடும். இரண்டாவதை நம்பி யாரேனும் டை வெட்டினால், அந்த எஃகை மறுபடியும் வெட்ட வேண்டிவரும். அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாகிறது.

டைக்குள் அழுத்தப்பட்டிருந்த உருகல், வெளியே வந்ததும் அழுத்தம் விடுபட்டு விரிகிறது என்கிறது கட்டுரை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. உருகிய பிளாஸ்டிக்கின் பரும மீட்சிக்குணகம் (அமுக்கத்தை எதிர்க்கும் அளவு) ஏறத்தாழ 1 கிகாபாஸ்கல். டைக்குள் அழுத்தம் 10 மெகாபாஸ்கல், அதாவது 100 பார் என்று கொண்டால், அது முழுவதும் விடுபட்டாலும் பருமன் கூடுவது 1 சதவீதம்தான். எல்லாத் திசையிலும் அது சமமாகப் பரவினால் விட்டம் 0.3 சதவீதம் கூடும். அதிலும் அந்த அழுத்தம் டையின் நுழைவில்தான் உச்சத்தில் இருக்கிறது. வாயை அடைவதற்குள் கிட்டத்தட்ட முழுவதும் இறங்கிவிடும். வாயில் விடுபடுவதற்கு மிச்சம் அதிகமில்லை. ஆனால் பாலிஎத்திலீன் உருகல் துளையின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு, சில நேரம் இரண்டு மடங்கு வரை தடிக்கிறது. பருமன் பெருகி இது நடப்பதில்லை. தடிமன் கூடும்போது வேகம் குறைகிறது, அவ்வளவுதான். விட்டம் 1.5 மடங்கானால் குறுக்குப்பரப்பு 2.25 மடங்காகும், சராசரி வேகம் 2.25இல் ஒரு பங்காக இறங்கியிருக்கும்.

மீள்தன்மை துளியும் இல்லாத பாய்மமும் வீங்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். வட்டத் துளை வழியே அதை மிக மெதுவாகப் பிதுக்கினால் இறுதி விட்டம் துளையைப் போல் 1.13 மடங்கு, அகலமான தட்டைப் பிளவில் தடிமன் 1.19 மடங்கு. டைக்குள் சுவரில் ஒட்டி அசையாமல் நின்ற ஓர அடுக்கு, விளிம்பைத் தாண்டியதும் நடுப்பகுதியால் சட்டென்று இழுபடுகிறது. ஓரம் வேகமெடுக்கிறது, நடு வேகம் தணிகிறது. வேகம் தணிந்த நடுப்பகுதி பக்கவாட்டில்தான் ஒதுங்கியாக வேண்டும். ஓட்டத்தை மேலும் மேலும் விரைவாக்கினால் இதே பாய்மம் வீங்குவதை விட்டுச் சுருங்கத் தொடங்கும். ரெனால்ட்ஸ் எண் (நிலைமவிசைக்கும் பாகுவிசைக்கும் உள்ள விகிதம்) 15ஐ ஒட்டி வீக்கம் மறைகிறது. மிக உயர்ந்த எண்ணில் விட்டம் 0.87 மடங்கில் வந்து நிற்கிறது. டைக்குள் இருக்கும் பரவளைய வேகப்பரவலின் உந்தம், அதே ஓட்டம் சீரான வேகத்தில் செல்லும்போது இருப்பதைப் போல் மூன்றில் நான்கு மடங்கு. அதிலிருந்து கையாலேயே இந்த எண்ணை வருவித்துவிடலாம். முக்கால் என்பதன் வர்க்கமூலம் அது.

உருகிய பிளாஸ்டிக்கில் நிலைமத்துக்கு இடமே இல்லை. துளையின் ஆரம் 1 மிமீ, சராசரி வேகம் வினாடிக்கு 25 மிமீ, பாகுநிலை 1000 பாஸ்கல்-வினாடி, அடர்த்தி கனமீட்டருக்கு 760 கிலோ என்று வைத்துக்கொண்டால் ரெனால்ட்ஸ் எண் ஒரு லட்சத்தில் நான்கு பங்கு அளவில் வரும். மேற்பரப்பு இழுவிசையும் பாகுவிசைக்கு முன் எண்ணூறில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. ஆகவே 13 சதவீதத்துக்கு மேல் காணும் வீக்கம் முழுவதும் மீள்தன்மையின் வேலை. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் டைக்குள் சறுக்கோட்டத்தில் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் ஓட்டத்தில்) இழுபட்டு, ஓட்டத்தின் திசையில் நீண்டு நிற்கின்றன. சுவரின் பிடி விட்டதும் அவை நீளவாக்கில் சுருங்க, குறுக்கே தடிமன் கூடுகிறது. கார்ல் பாரஸ் 1893இல் இதைப் பதிவு செய்ததால் பாரஸ் விளைவு என்ற பெயரும் உண்டு.

எவ்வளவு கூடும் என்பதற்கு ரோஜர் டானர் 1970இல் தந்த வாய்பாடு இன்றும் முதல் கணிப்புக்குப் போதுமானது. டைச் சுவரில் உள்ள முதல் செங்குத்துத் தகைவு வேறுபாட்டை (ஓட்டத் திசையில் உள்ள இழுதகைவுக்கும் அதற்குக் குறுக்கே உள்ளதற்கும் இடையிலான வேறுபாட்டை) அங்குள்ள சறுக்குத் தகைவின் இருமடங்கால் வகுக்க வேண்டும். வரும் எண்ணை வர்க்கப்படுத்தி, பாதியாக்கி, 1ஐக் கூட்டி, ஆறாம் மூலம் எடுத்து, 0.13ஐச் சேர்த்தால் வீக்க விகிதம் கிடைக்கும். வகுத்து வந்த எண் 2 என்றால் விகிதம் 1.33, 4 என்றால் 1.57. நீளமான டைக்கு மட்டுமே இது பொருந்தும். குட்டையான டையில், பெரிய அறையிலிருந்து சிறிய துளைக்குள் நுழையும்போது உருகல் பட்ட நீட்சி வாய் வரை மறக்கப்படாமல் கூடவே வருகிறது. அதனால் வீக்கம் இன்னும் அதிகமாகும். ஒரே துளை, ஒரே ஓட்டம், ஆனால் நீளம் வேறு என்றால் வீக்கமும் வேறு. பாகுநிலையை மட்டும் பார்க்கும் கணக்கில் இந்த வேறுபாடு வரவே வராது.

படக்குறிப்பில் உள்ள தவறும் இதுவே. காரோ, கிராஸ், அடுக்குவிதி முதலிய மாதிரிகள், சறுக்கு வீதம் (அடுக்குகள் சறுக்கும் வேகம்) கூடும்போது பாகுநிலை எப்படிக் குறைகிறது என்பதை மட்டும் சொல்கின்றன. சங்கிலி இழுபட்டதும் திரும்பச் சுருங்கும் நினைவு அவற்றில் கிடையாது. இன்னும் மோசமானது, அவை தரும் விடை எதிர்த்திசையில் போகிறது. சுவரருகே பாகுநிலை குறைந்தால் வேகப்பரவல் தட்டையாகும். தட்டையானால் வாயைத் தாண்டியபின் மறுசீராக வேண்டியது குறையும். வீக்கம் 13 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். உருகல் உண்மையில் 60 சதவீதம் வீங்கும் இடத்தில் மென்பொருள் ஐந்தாறு சதவீதம் என்று சொல்லும். கட்டுரையில் அச்சான 6 சதவீதமும் இந்த வகைதான் என்று கருதுகிறோம். நிறப்படத்தைப் பார்த்து இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது. தேர்ந்தெடுத்த மாதிரியின் பெயரைக் கேட்டால்தான் தெரியும்.

அப்படியானால் என்ன தரவு வேண்டும்? அலைவு ரியோமீட்டரில் (உருகலை முன்னும் பின்னும் மெல்லத் திருகி அளக்கும் கருவியில்) வினாடிக்கு 0.01 முதல் 100 ரேடியன் வரை, மூன்று வெப்பநிலைகளில் அளந்து, ஒன்றாக நகர்த்திப் பொருத்திய சேமிப்புக் குணகமும் (மீள்தன்மையின் அளவு) இழப்புக் குணகமும் (பாகுத்தன்மையின் அளவு) முதல் தேவை. அவற்றிலிருந்து பத்தின் அடுக்குக்கு ஒன்று என்ற கணக்கில் 5 முதல் 8 தளர்வு நேரங்களை (இழுபட்ட சங்கிலிகளின் நினைவு தணிய ஆகும் நேரங்களை) பொருத்தலாம். அளவீடு 0.1 ரேடியனில் நின்றுவிட்டால் 10 வினாடிக்கு மேற்பட்ட தளர்வு நேரங்கள் கண்ணில் படாமலே போகும். அந்த நீண்ட நேரங்கள்தாம் வீக்கத்தில் பெரும்பங்கு வகிக்கின்றன. உயர் மூலக்கூறு எடையுள்ள சங்கிலிகள் சிறிதளவு கூடினாலே வீக்கம் கணிசமாக மாறும்; பாகுநிலை வளைகோடோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். மெல்ட் இண்டெக்ஸ் (உருகல் ஓடும் எளிமையைக் காட்டும் எண்) ஒன்றாகவே உள்ள இரண்டு லாட்டுகள் வேறு வேறு தடிமனில் வெளிவருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அலைவு அளவீடு சிறு உருமாற்றத்தில் உள்ள குணத்தை மட்டுமே தரும். பெரிய உருமாற்றத்தில் நிகழ்வதற்கு, உருகலை நுண்துளை வழியே தள்ளும் கேப்பில்லரி ரியோமீட்டர் அளவீடும், முடிந்தால் நீட்சிப் பாகுநிலை அளவீடும் வேண்டும். கேப்பில்லரியில் பேக்லி திருத்தம் செய்யாவிட்டால் நுழைவில் இழந்த அழுத்தமும் சுவர்த் தகைவாகக் கணக்கில் ஏறிவிடும். ரபினோவிட்ச் திருத்தம் செய்யாவிட்டால் சுவரின் உண்மையான சறுக்கு வீதம் கிடைக்காது.

மீள்தன்மையையும் கணக்கில் சேர்க்கும் மாதிரிகளைத் தேர்வதில் ஓல்ட்ராய்ட்-பி ஒரு பொறி. எழுதுவது எளிது, பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. ஆனால் அதில் செங்குத்துத் தகைவு வேறுபாடு சறுக்கு வீதத்தின் வர்க்கமாக எல்லையின்றி ஏறுகிறது. நீட்சி வீதத்தையும் தளர்வு நேரத்தையும் பெருக்கி வரும் எண் 0.5ஐத் தொட்டதும் நீட்சிப் பாகுநிலை முடிவிலிக்குப் போகிறது. உருகல் எதுவும் இப்படி நடப்பதில்லை. ஃபான்-தியன் டானர் மாதிரியோ கீசெக்கஸ் மாதிரியோ, பல தளர்வு நேரங்களுடன் வைத்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். கிளைகள் நிறைந்த தாழ்அடர்த்திப் பாலிஎத்திலீனுக்கு, 1998இல் வந்த பாம்-பாம் மாதிரியும் அதன் வழிவந்தவையும் பொருத்தம். கே-பிகேஇசட் போன்ற தொகைச் சமன்பாடுகள் உருகலின் நினைவை நேரடியாகக் கையாளுகின்றன. ஒவ்வொரு பாய்மத்துகளின் கடந்த காலத்தையும் பின்தொடர வேண்டியிருப்பதால் கணக்கு நேரம் கூடும்.

கணக்கிடும் பகுதியின் நீளத்தை வழக்கத்தின்படி வைக்கக் கூடாது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் நடுவில் வேகம் சராசரியைப் போல் இருமடங்கு, அதாவது வினாடிக்கு 50 மிமீ. ஒரு வினாடித் தளர்வு நேரமுள்ள சங்கிலி, நினைவு தணிவதற்குள் 50 மிமீ, அதாவது 50 ஆரம் தூரம் போய்விடும். டைக்கு முன்னுள்ள அறையையும் குறுகலையும் விட்டுவிட்டு ‘முழுதும் வளர்ந்த ஓட்டம்’ என்று நுழைவில் எழுதுவது, டை மிக நீளமாக இருந்தால்தான் செல்லும். வெளியே 20 ஆரம் நீளம் என்பது தொடக்கத்துக்கு நல்லது. பின்பு அதை இருமடங்காக்கி, வீக்கம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கணக்கு உடைகிற முதல் இடம் டையின் விளிம்பு. சுவரில் வேகம் பூச்சியம், அதை அடுத்த புள்ளியில் தகைவற்ற கட்டற்ற மேற்பரப்பு. அந்தத் தாவலில் தகைவு கணிதப்படி முடிவிலிக்குப் போகிறது. மெஷ்ஷை (கணக்குக்காக இடத்தைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் வலையை) எவ்வளவு நுணுக்கினாலும் விளிம்பின் தகைவு மேலும் ஏறிக்கொண்டே இருக்கும், ஒருநாளும் நிலைக்காது. எனவே விளிம்புத் தகைவு நிலைபெறுவதற்குக் காத்திருக்கக் கூடாது. வீக்க விகிதம் நிலைபெறுகிறதா என்பதுதான் கேள்வி. விளிம்பருகே கூறின் அளவு ஆரத்தின் ஐம்பதில் ஒன்றிலிருந்து நூறில் ஒன்று வரை இருக்கட்டும். மூன்று மெஷ்கள், ஒவ்வொன்றிலும் அளவு பாதியாக, மூன்றின் விடைகளையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். பருமட்டான மெஷ் வீக்கத்தை மிகுத்துக் காட்டுவது வழக்கம். ஒரே மெஷ்ஷில் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை என்றே சொல்வோம்.

மேற்பரப்பைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. மெஷ் மேற்பரப்போடு சேர்ந்து நகர்வது ஒன்று. முதலில் வெளிப்பகுதியை உராய்வில்லாத நேர்க்குழாய் போலக் கொண்டு ஒரு தீர்வு எடுத்து, பின்பு அந்தச் சுவரை விடுவித்து, மேற்பரப்புக்குச் செங்குத்தான வேகம் பூச்சியமாகும் வரை அதன் வடிவத்தைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திலும் கணக்கிட்ட நகர்வில் 0.3 முதல் 0.5 பங்கு மட்டும் நகர்த்தினால் மெஷ் சிக்கலாகாது. வீக்கத்தைத் துல்லியமாகப் படிக்க இதுதான் நல்ல வழி. மற்றொன்று, மெஷ்ஷை நிலையாக வைத்து, அதன் ஒவ்வொரு அறையிலும் (கூறிலும்) உருகல் எத்தனை பங்கு, காற்று எத்தனை பங்கு என்று கணக்கு வைப்பது. ஓப்பன்ஃபோம் என்ற ஓட்டக் கணிப்பு மென்பொருளும், பாகுமீள் பாய்மங்களுக்காக அதன்மேல் எழுதப்பட்ட ரியோடூலும் கட்டணமின்றிக் கிடைப்பதால் பலரும் இதில் தொடங்குகிறார்கள். ஆரத்துக்கு 20 அறைகள் வைத்தால் ஓர் அறையின் அகலமே 5 சதவீதம் என்பதை மறந்துவிடக் கூடாது. உருகலுக்கும் காற்றுக்கும் பாகுநிலை பல கோடி மடங்கு வேறுபடுவதால் மேற்பரப்பில் பொய்யான ஓட்டங்கள் தோன்றும். காற்றின் பாகுநிலையை உருகலின் ஆயிரத்தில் ஒரு பங்காக உயர்த்திவைப்பது நடைமுறையில் உதவும். அதை இன்னும் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் விடை மாறவில்லை என்று உறுதிசெய்த பிறகே ஏற்க வேண்டும்.

தளர்வு நேரத்தையும் சறுக்கு வீதத்தையும் பெருக்கி வரும் வைசன்பர்க் எண் உயர உயரக் கணக்கு ஒரு கட்டத்தில் சிதறும். பல ஆண்டுகள் இந்தத் துறையை முடக்கிய சிக்கல் இது. சங்கிலிகளின் நீட்சியைக் குறிக்கும் டென்சர் (திசைவாரியான எண்களின் தொகுப்பு) எப்போதும் நேர்மமாக இருக்க வேண்டும். எண்முறைப் பிழை சேரச் சேர அது எதிர்மமாகிவிடுகிறது. ஃபட்டலும் குப்ஃபர்மனும் 2004இல், அந்த டென்சரின் மடக்கையைக் கணக்கிடலாம் என்று காட்டியபின் நிலைமை பெரிதும் மாறியது. ஆனால் கணக்கு உடையாமல் முடிந்தது என்பதும் விடை சரி என்பதும் ஒன்றல்ல. மூன்று மெஷ் சோதனை இங்கே இன்னும் அவசியம். ஓட்டத்தை ஒரே அடியாக இலக்குக்குக் கொண்டுபோகாமல், பத்தில் ஒரு பங்கில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியின் தீர்வையும் அடுத்ததன் தொடக்கமாகக் கொடுத்தால் பெரும்பாலும் போய்ச் சேரலாம்.

இதற்கெல்லாம் முன்பு, மீள்தன்மையை அணைத்துவிட்டு வட்டத் துளைக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 1.13 வரவேண்டும். 1.2 வந்தால் மெஷ்ஷிலோ எல்லை நிபந்தனையிலோ பிழை. அதைத் திருத்தாமல் மேலே போவதில் பயனில்லை. வெளியே பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் நுழைவின் ஓட்டம் கிடைக்க வேண்டும். ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் வேறுபாடு இருந்தால் மேற்பரப்பு இன்னும் நிலைபெறவில்லை. சுவர்த் தகைவு 0.1 மெகாபாஸ்கலைத் தாண்டினால் பல பாலிஎத்திலீன்களில் மேற்பரப்பு சொரசொரக்கத் தொடங்கும், உருகல் சுவரில் வழுக்கவும் செய்யலாம். வழுக்கினால் வீக்கம் குறையும். ‘சுவரில் வேகம் பூச்சியம்’ என்று எழுதிய கணக்கு அந்த எல்லைக்கு அப்பால் செல்லாது.

சதுரம், சட்டகம் போன்ற வடிவங்களில் வீக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இராது. சதுரத் துளையில் பக்கங்களின் நடுப்பகுதி உப்பும், மூலைகள் பின்தங்கும். சதுரம் வேண்டுமானால் துளையின் பக்கங்கள் உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அந்த வடிவத்தைத் தலைகீழாகக் கண்டுபிடிக்கும் கணக்குதான் சிமுலேஷனின் மிகப் பயனுள்ள பகுதி. ஆனால் ஓட்டச் சமநிலை முதலில் வர வேண்டும். ஒரே அழுத்தச் சரிவில், இருமடங்கு தடிமனுள்ள இடத்தில் சாதாரணப் பாய்மம் நான்கு மடங்கு வேகத்தில் ஓடும். அடுக்குவிதி மாதிரியில் அடுக்கு எண் 0.5 உள்ள உருகல் எட்டு மடங்கு வேகத்தில் ஓடும். இதைச் சரிசெய்யாத டையில், வேகமான பகுதி மெதுவான பகுதியை இழுத்து வடிவத்தையே முறுக்கிவிடும்; அதை வீக்கம் என்று நினைத்துத் துளையைத் திருத்தினால் பிழை இரட்டிப்பாகும். சமநிலைக்குப் பாகுநிலை மாதிரியே போதும் என்பதையும் சொல்ல வேண்டும். காரோ மாதிரிக்கு உரிய இடம் அங்கேதான்.

கடைசியாக, கணக்கை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது. கட்டுரையில் ‘ஆய்வக அளவோடு ஒத்துப்போகிறது’ என்று உள்ளது. ஆறிய இழையை வெர்னியரில் அளந்தால் உருகல் நிலையின் விட்டம் கிடைக்காது. உயர்அடர்த்திப் பாலிஎத்திலீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு உருகலில் 0.76, திண்மத்தில் 0.95 கிராம் அளவில் இருக்கும். இந்த விகிதத்தின் கனமூலம் 1.077. ஆறியபின் 1.40 என்று அளந்தது, சூட்டில் 1.51ஆக இருந்திருக்கும். தொங்கும் இழையின் எடையும் சேர்கிறது. 100 மிமீ நீள இழை தன் மேல்முனையில் ஏறத்தாழ 750 பாஸ்கல் இழுவிசைத் தகைவைத் தருகிறது. மெதுவான ஓட்டத்தில் பாகுநிலை 10,000 பாஸ்கல்-வினாடி என்றால் நீட்சிப் பாகுநிலை அதைப் போல் மூன்று மடங்கு. நான்கு வினாடியில் இழையின் மேற்பகுதி 10 சதவீதம் நீண்டு, விட்டம் 5 சதவீதம் மெலியும். இழுப்பான் உருளை வைத்திருந்தால் இன்னும் அதிகம். வாயிலிருந்து எத்தனை மிமீ தள்ளி, எந்த வெப்பநிலையில், இழுப்பு இருந்ததா இல்லையா என்று சொல்லாத அளவீட்டோடு எந்தக் கணக்கையும் ஒத்துப்போகச் செய்துவிடலாம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: வீக்கத்துக்குச் சொன்ன காரணத்தைத் தாங்கள் திருத்தி வெளியிட வேண்டும். படத்தில் உள்ள 6 சதவீதம் எந்த மாதிரியிலிருந்து வந்தது, அதில் மிக நீண்ட தளர்வு நேரம் எவ்வளவு, எத்தனை மெஷ்களில் சோதிக்கப்பட்டது, இழை எங்கே எந்த நிலையில் அளக்கப்பட்டது என்ற விவரங்களைக் கட்டுரையாளரிடமிருந்து பெற்று அந்தத் திருத்தத்தோடு சேர்த்து அச்சிட்டால், டை வெட்டும் முன் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாமா என்பதைப் படிப்பவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
பாலிமர் ஓட்டக் கணிப்பில் பணிபுரியும் வாசகர்கள்